மூக்கைத் தூக்கும் கை

பெங்களூரில் இருந்த நாலு வருஷத்தில் பதினொரு விமானங்கள் செய்தேன். ஒன்றைக்கூட ஓட்டியதில்லை.

விமானம் என்றால் ஆள் ஏறுவது அல்ல. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு அகலம், சிலது அதைவிடச் சின்னது. மூக்கில் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், வயிற்றில் ஒரு ரேடியோ. தரையில் நிற்பவர் கையில் ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு குச்சிகள். குச்சியை அசைத்தால் மேலே இறக்கை அசையும். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவருக்கு அது பொழுதுபோக்கு. அவர் வீட்டு ஷெட்டில் எனக்குப் படுக்கை, சாப்பாடு, வேலை.

அதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தேன். பம்பாயில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஹூப்ளியில் பஞ்சு மூட்டை தூக்கினேன், இருமல் வந்ததும் விட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்த ஷெட் பெரிய இடம். மரத்தைக் காகிதம் போலச் சீவக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவேன். எஞ்சினைக் கிளப்புவேன். கேழ்வரகுக் கொல்லையில் விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வருவேன், எண்ணெய் துடைப்பேன். பெட்டியை மட்டும் தொடக்கூடாது. ஒருமுறை அதிகாரி ஒதுங்கப் போனபோது பெட்டியை என் கையில் கொடுக்காமல் கார் பானெட் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதற்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் செத்ததும் மகன் வந்து ஷெட்டைக் காலி செய்தான். சோரியாங்குப்பத்தில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. கரும்பு வெட்டப் போனேன். கரும்புத் தோகை அறுத்த இடத்தில் வியர்வை பட்டால் எரியும், மற்றபடி பழகிவிடும். வெட்டு இல்லாத நாட்களில் வெள்ளையடிக்கப் போவேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாகூரில் ஒரு சொல்தா வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். மாதம் தவறாமல் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். வீட்டில் இருந்தாலும் கால்சட்டை போடுவார்கள். இவர் அறுபதை நெருங்கியவர், மனைவி இல்லை, ஒரே மகள் கல்யாணமாகி பிரான்சில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிறவர். ஊரில் எல்லோரும் அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றே கூப்பிட்டார்கள்.

முந்தின நாள் மழையில் அவர் வீட்டில் ஓர் அலமாரி நனைந்திருந்தது. அதிலிருந்த சாமான்களை வெளியே போட்டிருந்தார். கொல்லைக் கொடியில் போர்வைக்குப் பக்கத்தில், போர்வையைவிட நீளமான ஒரு காகிதம் காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கோடுகளில் ஒரு விமானத்தின் வரைபடம். சுண்ணாம்பு மட்டையோடு அதன் முன்னால் நின்றுவிட்டேன்.

"இன்னா பாக்கற? வாளியில சுண்ணாம்பு உறைஞ்சிடப் போவுது," என்றார் பின்னாலிருந்து.

"முசே, இது ரெண்டடுக்கு ரெக்கை வண்டி. கிழிஞ்ச எடத்துல கீழ் ரெக்கையோட விலாக்கட்டை ஒண்ணு போயிடுச்சு. ஆனா பக்கத்து விலாவ வெச்சே அத வரைஞ்சிடலாம்."

அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ யாருடா?" என்றார்.

அன்று வெள்ளையடிப்பு நடக்கவில்லை. அவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். தக்கை போல லேசான பால்சா மரப் பலகைகள், பிரிக்காத எஞ்சின், ரேடியோ, இரண்டு குச்சி வைத்த பெட்டி. பிரான்சிலிருந்து திரும்பும்போது வாங்கி வந்ததாம். ஏழு வருஷமாகக் கிடக்கிறது. படத்தில் இருந்தது பழைய காலத்துப் பயிற்சி விமானம். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இறக்கை, திறந்த இரண்டு இருக்கை, முன்னால் கற்பவன், பின்னால் கற்றுக்கொடுப்பவன். அதன் பிரெஞ்சுப் பெயரை அவர் பலமுறை சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. சைகோனிலும் அப்புறம் அல்ஜீரியாவிலும் விமானத் திடல்களில் அவர் வேலை பார்த்திருக்கிறார். வேலை என்றால் எண்ணெய் துடைப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, எடுப்பது. ஒரே ஒருமுறை ஒரு அதிகாரி அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினாராம்.

"குச்சியத் தொட வுட்டாரா?" என்று கேட்டேன்.

"கைய மடியில வெச்சிக்கச் சொன்னாரு," என்றார்.

இதைக் கேட்டதும் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. என் கதையையும் சொன்னேன், கார் பானெட்டையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இந்தக் கையால காபி குடிச்சா பாதி சட்டையில. நீ செய். செஞ்சி நீயே ஓட்டு. அது மேல போவணும், நான் கீழ நின்னு பாக்கணும். எனக்கு அவ்ளோதான்."

"நெஜமா நானே ஓட்டலாமா?"

"வேற யாரு கீறா இங்க?"

தை பிறந்ததிலிருந்து வாரத்தில் நாலு நாள் அவர் வீட்டுப் பின்கூடத்தில் வேலை செய்தேன். மற்ற நாட்களில் கரும்பு. மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. பால்சா மேல் இறக்கை பாதிக்கு வரும்போதே தீர்ந்துவிட்டது. வேலியில் இருந்த கல்யாண முருங்கையை வெட்டிக் காயவைத்துச் சீவிப் பார்த்தேன். பால்சாவை விடக் கொஞ்சம் கனம், ஆனால் நன்றாக வளைந்துகொடுத்தது. மேல் இறக்கையில் எட்டு விலா அந்த மரம்தான். இறக்கை நுனிகளுக்கு மூங்கில். இறக்கைகளுக்கு நடுவே குறுக்காக ஓடும் கம்பிகளுக்கு சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து அதன் ஒற்றை இழைகள். சக்கரத்துக்கு ரப்பர் செருப்பின் அடிப்பாகம். புதுச்சேரியில் வாங்கிய மெல்லிய மஞ்சள் பட்டுத் துணியை இழுத்து ஒட்டி அதன்மேல் டோப் என்கிற வார்னிஷைப் பூசினோம். டோப் காய்ந்தால் பட்டு மேளத்தோல் போல விறைக்கும். விரலால் சுண்டினால் சத்தம் வரும். அந்த வாசனையில் எனக்குத் தலைவலி வரும், அவருக்குப் பேச்சு வரும்.

மூக்கில் எடை போதவில்லை என்று தெரிந்ததும் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்க பாகூர் பாய் கடைக்குப் போனேன்.

"எவ்ளோ தம்பி வேணும்?"

"ஒரு நாலு எடுங்க பாய். ஏரோப்ளேன் மூக்குல வைக்கணும்."

"வலைக்கு கேட்டு வருவான், தூண்டிலுக்கு கேட்டு வருவான். மூக்குக்கு நீ ஒருத்தன்தான்யா," என்றார் பாய். "ஹஜ்ஜுக்கு ஒரு சீட்டு போட்டு வை. ஜன்னல் பக்கமா."

ரேடியோ பெட்டியில் ஒரு சிக்கல் இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பெட்டியில் இரண்டு குச்சிகளில் ஒன்று விமானத்தின் மூக்கைத் தூக்கும், இறக்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கு வந்துவிடும். இன்னொன்று எஞ்சின் வேகத்துக்கு. அது விட்ட இடத்திலேயே நிற்கும். பெங்களூரில் அதிகாரி வலக்கையால் மூக்கைத் தூக்குவார். நான் நாலு வருஷம் அவர் வலக்கையையே பார்த்தவன். முசேயின் பெட்டி பிரான்சில் பழக்கமான மாதிரி. இடக்கையால் மூக்கைத் தூக்க வேண்டும், வலக்கையில் எஞ்சின். பெட்டியை வாங்கிப் பிடித்ததுமே என் கைகள் தடுமாறின. மேலே தூக்கு என்று மனசு சொன்னால் வலக்கைதான் போனது. பறக்கும்போது இப்படித் தடுமாறினால் ஒரே விநாடியில் விமானம் தரையில் இருக்கும்.

"அப்ப மாத்திட்டாப் போச்சு," என்றார் முசே.

பெட்டியின் முதுகைத் திறக்கச் சொன்னார். இந்தக் குச்சியின் ஸ்பிரிங்கைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும், அதை விட்ட இடத்தில் நிறுத்தும் பல்தகட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும், ஒயர்களை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஸ்பிரிங் தெறித்து மேசைக்கடியில் போய் ஒரு மணி நேரம் தேடினோம், அவர் குப்புறப் படுத்து டார்ச் அடித்தார். அரைநாள் வேலை. நான் மூடித் திருகாணியை முடுக்கியதும் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே இது உன் பொட்டி. எனக்கு ஓட்ட வராது. எவனுக்கும் வராது."

ஒருவர் தன் சாமானை இன்னொருவன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் வாயால் சொன்னதை நம்பினேனோ இல்லையோ, அந்த அரைநாளை நம்பினேன்.

ஓட்டப் பழகுவதற்கு இன்னொரு விமானம் இல்லை. இருந்த ஒன்றை உடைக்கவும் முடியாது. அதனால் முசேயே விமானமானார். அறுவடை முடிந்த களத்தில் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுவார். நான் குச்சியை இடது பக்கம் தள்ளி "இடது" என்று கத்த வேண்டும், அவர் தன் இடது பக்கம் சாய்ந்து திரும்புவார். என்னை விட்டு விலகி ஓடும்போது சுலபம். திரும்பி என்னைப் பார்த்து வரும்போது அவர் இடது எனக்கு வலது. எல்லோரும் குழம்பும் இடம் அதுதான். முதல் பத்து நாள் அவரை வைக்கோல் போரிலேயே கொண்டுபோய் மோதவைத்தேன்.

"அலே, அலே! என்னிய எங்கடா வுடற? அது மாட்டுக் கொட்டா!" என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கத்துவார்.

களத்தில் நெல் காயவைக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "முசேக்கு ரெக்க மொளச்சிடுச்சுடி," என்பாள் ஒருத்தி. "ரெண்டு முட்டையும் போடுமா, கேளு," என்பாள் இன்னொருத்தி. அவர் மூச்சு வாங்க நின்று அவர்களுக்கு சல்யூட் அடிப்பார். ஒரு மாதத்தில் அவரை எட்டு மாதிரி வளைத்து ஓடவைத்து, என் காலடியில் கொண்டுவந்து நிறுத்தக் கற்றுக்கொண்டேன். கண்ணை மூடினாலும் என் வலது கட்டைவிரல் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

வாராவாரம் அவர் மகளுக்குக் கடிதம் எழுதுவார். விமானத்தை போட்டோ எடுத்து உள்ளே வைப்பார். எலும்பாக நிற்கும்போது ஒன்று, பட்டு ஒட்டியபின் ஒன்று. கடிதம் பிரெஞ்சில் இருக்கும். பாகூர் தபாலாபீசில் அவற்றைப் போட்டவன் நான்தான்.

ஏப்ரல் கடைசியில் மகளும் மருமகனும் ஒரு மாத லீவில் வந்தார்கள். மருமகனும் எங்கள் பக்கத்துக்காரர்தான், சின்ன வயசிலேயே போனவர். நல்ல மனிதர். அங்கே ஞாயிறுகளில் ஒரு மன்றத்தில் சேர்ந்து இப்படிப்பட்ட விமானங்கள் ஓட்டுவாராம். இதை முசே என்னிடம் அதுவரை சொன்னதில்லை. அவர்கள் வந்தபின் நான் இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் வீட்டில் விருந்தாளிகள். பின்கூடம் பூட்டியிருந்தது. "பேட்டரி சார்ஜ்ல கீது, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்," என்றார்.

ஞாயிறு என்று முடிவானது. பாகூர் ஏரி அந்தக் கோடையில் வடக்குப் பக்கம் முழுக்கக் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு துண்டை மண்வெட்டியால் செதுக்கி ஓடுபாதை போல நானே சமன் செய்திருந்தேன். மாலை ஐந்து மணிக்குக் காற்று அடங்கும், அப்போது பறக்கவிடலாம் என்று பேச்சு. சனிக்கிழமை மாலை முசே அக்கா வீட்டுக்கே வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல்முறை.

"எரிபொருள் பத்தாதுபோல கீதுடா. வெடியக்காலையில கடலூர் போயி ஒரு கேன் மெத்தனால் வாங்கியாந்துடு. ஞாயித்துக்கிழமைன்னா கடை இருக்காது, ஆனா பின்னாலயே வூடு. தட்டுனா குடுப்பாரு."

எஞ்சினுக்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றுவோம். போன மாதம் வாங்கியதில் அரை கேன் இருந்ததாக எனக்கு ஞாபகம். கேட்டேன்.

"வெய்யில்ல ஆவியாப் போச்சு," என்றார்.

அக்கா அவர் போனபின், "அந்த ஆளு வூட்ல சைக்கிளு இல்லியா, கார் வெச்சிருக்கற மருமவன் இல்லியா?" என்று கேட்டாள். நான் அவளைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

விடிகாலையில் சைக்கிளில் கிளம்பினேன். கடலூரில் அந்த வீட்டுக்காரர் எழுந்து பல் விளக்கிக் குளித்துச் சாமி கும்பிட்டு வருவதற்குள் ஏழரை. கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பினேன். தென்பெண்ணைப் பாலம் தாண்டிய சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நிறுத்தி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது, ஸ்பிரிட்டா?"

"ஏரோப்ளேனுக்கு சார்."

"ஊரே பாண்டியிலேர்ந்து கடலூருக்குக் கடத்துது. நீ கடலூர்லேர்ந்து பாண்டிக்குக் கடத்தறியா? யோவ், இங்க வந்து இந்தாளப் பாரு."

இன்னொருவர் வந்து பார்த்தார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். குடித்தால் கண் போய்விடும் என்று நான் சொன்னதும் கேனைத் தூரமாக வைத்துவிட்டு, முசே பேரைச் சொன்னதும் விட்டார்கள். ஒன்பது மணி ஆகியிருக்கும்.

ஏரிக்கரை மேல் ஏறியபோது அந்தச் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதா? நின்று நிமிர்ந்து பார்த்தேன். பனைமரங்களுக்கு மேலே மஞ்சளாக அது வந்துகொண்டிருந்தது. வெயில் பின்னாலிருந்து அடித்ததால் பட்டு வழியாக உள்ளே இருந்த விலாக்கள் நிழலாகத் தெரிந்தன. மேல் இறக்கையில் எட்டு விலாக்கள் மட்டும் மற்றவற்றை விடக் கறுப்பாக இருந்தன. கல்யாண முருங்கை. நான் சீவியது.

முதலில் எனக்கு சந்தோஷம்தான் வந்தது. பறக்கிறது, நேராகப் பறக்கிறது, ஈயக்குண்டு கணக்கு சரி என்றுதான் நினைத்தேன். சைக்கிளைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அது ஒரு வட்டம் அடித்தது, குட்டிக்கரணம் போட்டது. குட்டிக்கரணம் போட்டபோதுதான் பெட்டி யார் கையில் இருக்கிறது என்ற நினைப்பே வந்தது.

ஏரிக்குள் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். பாய் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். களத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். நான் கேனோடு இறங்கிப் போவதற்குள் அது தரையில் இறங்கி, என் செருப்பு ரப்பர் சக்கரத்தில் உருண்டு, மருமகன் காலுக்கு முன்னால் வந்து நின்றது. கைதட்டினார்கள். யாரோ அவர் கழுத்தில் துண்டு போட்டார்கள். முசே என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு விமானத்தைத் துடைப்பதற்காகக் குனிந்தார்.

"முசே, அஞ்சு மணின்னுதான சொன்னீங்க?"

நிமிராமலே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராகு காலம்டா. நாலரைலேர்ந்து ஆறு. அதான் காலைலயே முடிச்சிடலாம்னு..."

அவர் அன்று காலையும் கோவில் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தவர். அதே வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். ராகு காலம் பார்த்து அவர் ஒரு ஆணிகூட அடித்து நான் கண்டதில்லை. என் வீட்டில் செல்லுபடியாகும் சாக்கு எது என்று தேடி எடுத்திருக்கிறார். அது அவர் வாயில் பொருந்தவில்லை.

மருமகன் பெட்டியோடு எங்கள் பக்கம் வந்தார். "மாமா, யார் இவரு?"

"நம்மாளுதான். சோரியாங்குப்பம். கூடமாட ஒத்தாசையா இருந்தான்."

"அப்படியா, ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்று மருமகன் என் கையைக் குலுக்கினார். உண்மையாகவே சொன்னார். "மாமா வாராவாரம் எழுதுவாரு. இன்னிக்கு விலா வெட்டினேன், இன்னிக்கு பட்டு ஒட்டினேன்னு. இந்த வயசுல, அந்தக் கைய வெச்சிக்கிட்டு. நாங்க படிச்சிட்டு அழுதோம்."

முசே எண்ணெய் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

பாய் வாயைத் திறந்தார். "அது வந்து, ஈயக்குண்டு வாங்க வந்தது..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மருமகனுக்கு ஏதோ புரிந்ததா, இல்லை வெறும் தாராளமா, தெரியவில்லை. பெட்டியை என் பக்கம் நீட்டினார். "நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன். நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"ஓட்டுடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "முசேய வெக்கப்போர்ல ஏத்தனியே, இப்ப இத ஏத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேனைக் கீழே வைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினேன். வாங்கிக்கொள்ளக் கூடாது என்ற ரோஷம் இருந்ததுதான். அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அதை மேலே கொண்டுபோகிற கை என் கையாக இருந்தால் போதும் என்று இருந்தது. அந்த நிமிஷம் அவரை மன்னித்துக்கூட விட்டேன் என்று நினைக்கிறேன்.

வலது கட்டைவிரலை வைத்து மூக்கைத் தூக்கும் குச்சியை லேசாக இழுத்தேன். அது நடுவுக்குத் திரும்பவில்லை. இழுத்த இடத்திலேயே கடகடவென்று பல்லில் உட்கார்ந்து நின்றது. இடக்கைக் குச்சியைத் தொட்டேன். அதில் ஸ்பிரிங்.

பெட்டியைத் திரும்ப மாற்றியிருந்தார்கள்.

அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் ராகு காலத்துக்குப் பயந்து அவசரமாகக் கிளம்பியவர்கள் செய்யக்கூடிய காரியம் இல்லை. முதுகைத் திறந்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒயரைப் பற்றவைத்து, மூடி, சரிபார்க்க அரைநாள். பின்கூடம் பூட்டியிருந்த நாட்களில் நடந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை அக்கா வீட்டு வாசலில் நின்று ஆவியாகிவிட்டது என்று அவர் சொன்னபோது பெட்டி ஏற்கெனவே மாறியிருந்தது. அவர் விரலால் திருகாணியைக்கூடப் பிடிக்க முடியாது. மருமகனிடம் சொல்லிச் செய்யவைத்திருக்கிறார், எதற்காக அது அப்படி இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

"என்னங்க, ஸ்டார்ட் பண்ணவா?" என்றார் மருமகன்.

இதோடு நான் ஓட்ட முடியாது. வலப்பக்கம் பழகிவிட்ட கை. தரையை விட்டு எழும்பியதும் மூக்கைத் தூக்க வலக்கைதான் போகும். எஞ்சின் அணையும், இருபது அடியிலிருந்து விழும். அதை உடைத்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். காரணத்தை அங்கே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமானால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் பக்கத்தில் நின்று அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முசே இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது வெட்கமில்லை, பயம்.

"வேணாங்க," என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "எனக்கு வராது."

"பயந்துட்டான்யா!" என்றான் அதே ஆள். "கரும்பு வெட்ற கைக்கு இதெல்லாம் வருமா?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கரை ஏறினேன். எனக்குப் பின்னால் எஞ்சின் மறுபடி கிளம்பியது. நான் வாங்கி வந்த மெத்தனாலைக் கலக்கக்கூட நேரம் ஆகியிருக்காது, பழைய கேனில் இருந்ததே போதுமாயிருந்திருக்கிறது. சோரியாங்குப்பம் போகிறவரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் வெகுதூரம் வந்தது.

அந்த மாதம் முழுக்கக் கரும்பு வெட்டினேன். களத்துப் பெண்கள் எதிரில் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அது கேலியை விட மோசம். மகளும் மருமகனும் பிரான்சுக்குக் கிளம்பிப் போன மறுநாள், பட்டப்பகலில், முசே வெயிலில் நடந்து அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அக்கா உள்ளே போய்விட்டாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பையைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தார். "அவ அம்மா செத்தப்ப நான் வரல. அல்ஜீரியாவுல இருந்தேன்," என்றார். "அப்பங்காரன்னா அவளுக்கு மணியார்டருதான். நானே ஏரோப்ளேனு செய்யறேன்னு எழுதன லெட்டருக்குத்தான் மொத மொறையா நாலு பக்கம் பதில் போட்டா. அப்புறம் நிறுத்த முடியல."

அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தா, நானே வெலகியிருப்பேனே முசே," என்றேன். "என்னிய எதுக்குக் கடலூர் அனுப்பினீங்க?"

பையைத் திறந்து பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"மாத்திட்டேன். பாண்டியில ஒரு ரேடியோ ரிப்பேர்காரன வெச்சி மாத்தினேன். பழையபடி உன் கைக்கு. ஏரோப்ளேனு வூட்ல கீது, ஒரு கீறல் இல்ல. ஏரில யாரும் வரமாட்டாங்க, நீயும் நானும்தான். வாடா."

பெட்டி எனக்கு ஒரு முழத்தில் இருந்தது. வலது குச்சியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தால் போதும். திரும்பி வந்தால் அவர் சொன்னது நிஜம், நின்றுவிட்டால் பொய். ஒரு விநாடிகூட ஆகாது. அவரும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

நான் தள்ளவில்லை. நிஜமாக இருந்தால் போக வேண்டியிருக்கும்.

"எடுத்துட்டுப் போங்க," என்றேன்.

அவர் பெட்டியைப் பையில் வைப்பதற்குள் இரண்டு முறை கை தவறியது. நான் எழுந்து உதவவில்லை. அந்த வாரமே விழுப்புரத்தில் ரயிலேறி வடக்கே போய்விட்டேன். எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது முசே உயிரோடு இல்லை. வீட்டை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். சாமான்கள் என்னவாயின என்று நான் யாரையும் கேட்கவில்லை.